சேற்றுக்குள் தேயிலைப் பை

"அக்கா, அழுகிய முட்டை நாற்றம்!"

சென்னை அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவில் இன்று காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சேற்றுக்கட்டியை என்னிடம் நீட்டினாள்.

உடைத்துப் பார்த்தோம். உள்ளே கன்னங்கரிய சேறு. வேர் ஓடிய தடத்தில் மட்டும் துருநிறக் கோடு. வேர் வழியே ஆக்சிஜன் இறங்கிய இடத்தில் இரும்பு துருவேறியிருக்கிறது.

நாற்றத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. காற்றில்லாத உப்புச்சேற்றில் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. நிறம், மணம், உப்பு என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இன்னொரு குழு தேயிலைப் பைகளைப் புதைத்துக்கொண்டிருந்தது. பச்சைத் தேயிலை ஒன்று, ரூயிபாஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர் ஒன்று, 8 செ.மீ. ஆழம். சுமார் 90 நாள் கழித்து எடுத்து, உலர்த்தி, எடை போட்டால் மண் எவ்வளவு வேகமாக மட்கச் செய்கிறது என்று தெரிந்துவிடும். பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் சோதனைதான். மெதுவாக மட்கினால் எனக்கு மகிழ்ச்சி. கரிமம் காற்றில் கலக்காமல் சேற்றிலேயே தங்கும்.

குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கர் இது, 2011-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

பறவைகள் சீக்கிரம் திரும்பிவிடும். மண் தேற பல பத்தாண்டுகள் பிடிக்கும். அவ்வளவு காலம் எந்த ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் வரும்? பள்ளியில் ஆண்டுதோறும் புதிய ஒன்பதாம் வகுப்பு வருகிறது; அவர்களால் தொடர்ந்து குறித்துவர முடியும்.

இந்த நோட்டுகளை அரசு கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும்.