ஹார்ட்லிபூலில் என் ஊர்ப் பெயர்

இங்கிலாந்துக்கு வந்த முதல் இரண்டு வருடமும், எந்த ஊர் என்று கேட்டால் இலங்கை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். திருகோணமலை என்றால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள், அப்புறம் எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். வேலைக்காக வடகிழக்கே ஹார்ட்லிபூலுக்கு மாறிய வாரம், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஊரைச் சொல்லிவிட்டேன். "அட, எங்கள் கப்பல்!" என்றார். அந்தச் சனிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்று பாய்மரங்களோடு நிற்கிறது ஹெச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற பழைய போர்க்கப்பல். திருகோணமலையை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 1782 இல் எங்கள் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாக வைத்த பெயர். கட்டியவர் பம்பாயில் இருந்த பார்சி, ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா. வரைபடத்தைக் கொண்டுவந்த கப்பல் 1812 இல் அமெரிக்கர்களிடம் சிக்கி அழிந்துபோனதால் வேறு பிரதி வரும்வரை காத்திருந்து, 1817 அக்டோபரில் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். அப்போது இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் மலபார்த் தேக்கு. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பாணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் ஆணியைக் காக்கும். இன்றும் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இதுவே பழையது.

நான் நின்றுவிட்டது அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்குக் கீழே. அங்கே தலைப்பாகை கட்டிய ஒரு மனிதனின் மார்பளவுச் சிலை, மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியது. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களுக்கு முகப்புச் சிலை வைப்பது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிக்கும் தன் கப்பல் எது என்று அதைப் பார்த்தால் தெரியும். தூரத்திலிருந்து தெரியவேண்டுமே, அதனால் கண்ணும் மூக்கும் அளவுக்கு மீறி ஆழமாகச் செதுக்குவார்கள்.

எங்கள் ஊர் மீன்பிடிக்காரர் யாரும் அப்படித் தலைப்பாகை கட்டுவதில்லை. கிழக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ மனதில் வைத்திருந்த முகம் அது. எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் விட்டுப் போக மனம் வரவில்லை. என் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு பசிபிக் வரை போய்வந்த கப்பலின் முகம் அல்லவா?

பெரியவர் பக்கத்தில் வந்து, "நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். திரு, கோணம், மலை என்று பிரித்துச் சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ழகரம் இல்லாததால் தப்பித்தார். இப்போது காலையில் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது கையசைத்து, "திருகோணமலை!" என்றுதான் கூப்பிடுகிறார்.