கரியரில் ஆள் ஏற்றக் கூடாத ஊர்

சென்ற நவம்பர் மாதத்து இரவொன்றில், கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பெரிய வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒரு சிறிய தெருவில், என் சைக்கிளின் கரியரில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த தங்கச்சியை ஒரு பொலிஸ்காரர் இறங்கச் சொன்னார். தங்கச்சி என்றால் என்னுடன் கூடப் பிறந்தவள் அல்லள். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலைச் சேர்ந்தவள், முதியவர்களை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று பராமரிக்கும் வேலையில் என்னுடன் இருப்பவள், வந்து ஐந்து மாதம்கூட ஆகாதவள். கடைசி வீட்டு வேலை முடிந்து இருபது நிமிடம் காத்திருந்தும் பஸ் வராததால், அவளுடைய அறை ஒரு மைல் தூரம்தானே என்று எண்ணி, "ஏறு பிள்ளை" என்றேன். அவளும் ஒரு சொல் கேட்காமல், ஊரில் ஏறுவதுபோலவே, சைக்கிள் உருளத் தொடங்கிய பிறகு இரண்டடி ஓடி வந்து ஏறிக்கொண்டாள்.

அந்தப் பொலிஸ்காரர் கடுமையாகப் பேசவில்லை. காரைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, இது ஒருவர் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சைக்கிள், இதில் இன்னொருவரை ஏற்றக் கூடாது என்று சொல்லி, நாங்கள் இறங்கியதைப் பார்த்துவிட்டு நல்லிரவு சொல்லிப் போனார். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். "என்னாலதானே அக்கா உங்களுக்குப் பேச்சு" என்று தங்கச்சி இரண்டு முறை சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை. 39 வயதில், சைக்கிளில் ஒருவரை ஏற்றுவது தவறு என்று ஒருவர் சொல்லக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வீடு வந்ததும் தேடிப் படித்தேன். 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், 24 ஆம் பிரிவு: ஒருவருக்கு மேற்பட்டோரை ஏற்றுவதற்கென்று செய்யப்படாத, அல்லது அதற்கேற்ப மாற்றியமைக்கப்படாத சைக்கிளில் வீதியில் ஒருவர் மட்டுமே செல்லலாம். குற்றம் ஓடுபவருக்கு மட்டுமன்று, ஏறியவருக்கும் உண்டு. இரண்டடுக்கு பஸ்களும் மணல் லொறிகளும் உரசிக்கொண்டு போகும் இந்த ஊரில் அப்படியொரு சட்டம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது; அதனுடன் எனக்கு வழக்கில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கரியர் என்றால் எங்களுக்கு என்னவென்று யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் றலி சைக்கிளில் முதலில் எனக்குக் கிடைத்த இடம் முன்பக்கத்துப் பார். தம்பி பிறந்து அவன் இருக்கப் பழகியதும் அந்த இடம் அவனுக்குப் போய், நான் கரியருக்கு மாறினேன். கரியரின் கம்பி தொடையில் பதியாமலிருக்க அப்பா பழைய துவாயொன்றை நான்காக மடித்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். அதில் இருந்துகொண்டு பார்த்தால் அப்பாவின் முதுகுதான் தெரியும். வியர்வையில் சட்டை முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவில் நனைந்து, கொக்குவில் சந்தி வருவதற்குள் இடுப்புவரை இறங்கிவிடும். பள்ளம் வரும்போது திரும்பிப் பாராமலே "பிடிச்சுக்கொள்" என்பார். நான் பிடிப்பது இருக்கையின் அடியிலுள்ள சுருள் கம்பியை. விரல் அதற்குள் நசிந்துவிடும் என்று அவர் எத்தனையோ முறை ஏசியும் நான் அதைத்தான் பிடித்தேன்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்த பிறகு, பெற்றோலும் பற்றரியும் இல்லாத குடாநாட்டில் சைக்கிள்தான் பஸ், அதுதான் லொறி, பல வேளைகளில் அதுதான் அம்புலன்ஸ். மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் இருந்தன. ஆனால் மண்ணெண்ணெய்க்கும் விலை இருந்தது. விறகு, நெல் மூட்டை, பிரசவ வலி கண்ட பெண், காய்ச்சலில் துவண்ட பிள்ளை எல்லாவற்றையும் கரியர் சுமந்தது. இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்போம். சுற்றும் கை சோர்ந்தால் செய்தியாளரின் குரலும் சோர்ந்துவிடும் என்பதால், சுற்றுவதற்குச் சிறுவர்கள் முறைவைத்து நின்றோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே யுத்தத்துக்குத் தப்பி எழுந்து, கிழக்கேயுள்ள தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அன்று எவராலும் சைக்கிள் ஓட முடியவில்லை, சனம் அவ்வளவு. மழை பெய்தது. அப்பா கைபிடியைப் பிடித்துத் தள்ள, கரியரில் அம்மம்மா இருக்க, நானும் அம்மாவும் இருபக்கமும் நின்று அவரைத் தாங்கியபடி நடந்தோம். இருந்தாற்போல அம்மம்மா, "நான் இறங்கி நடக்கிறன், பிள்ளையை ஏத்துங்கோ" என்பார். அப்பா கேளாதவர்போலத் தள்ளினார். ஈஸ்ட் ஹாமில் தங்கச்சியுடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த அந்த ஒரு மைலில் என் கை தானாகவே காலியான கரியரைப் பிடித்திருந்ததை, பாதி வழியில்தான் கவனித்தேன்.

நான் லண்டனுக்கு வந்தது 2022 டிசம்பரில். அந்த வருடம் இலங்கை முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கொழும்பில்கூடச் சைக்கிளின் விலை ஏறியது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகச் சைக்கிள் வாங்க நினைத்தது இயல்பு. ஹரோவில் முப்பத்தைந்து வருடமாக வசிக்கும் மாமிக்கு அது பிடிக்கவில்லை. "லண்டனுக்கு வந்தும் சைக்கிளோ பிள்ளை?" என்று தொலைபேசியில் கேட்டார். அவர் மனத்தில் சைக்கிள் என்பது கஷ்டகாலத்தின் பெயர். பழைய சைக்கிள்களைத் திருத்தி விற்கும் கடைக்குப் போனால் அங்கே வேறு விதம்: முக்கால்வாசி வண்டிகளுக்கு மட்காட் இல்லை, செயின் கவர் இல்லை, கரியர் இல்லவே இல்லை. கரியர் பூட்டித் தர வேண்டும் என்றேன். பைகள் மாட்டவா என்று கேட்டார் கடைக்காரர். ஆள் இருக்க என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் மனம்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று நானும் சிரித்தேன். அவர் எதற்குச் சிரித்தார் என்பது பொலிஸ்காரரைச் சந்தித்த பிறகுதான் விளங்கியது.

இந்த ஊரில் சைக்கிள் ஓடப் பழகியதை ஒரு பெரிய கொடையாகவே நினைக்கிறேன். உள்ளூராட்சி நடத்தும் இலவசப் பயிற்சியில், ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி ஓடுவதுதான் ஆபத்து, ஒடுங்கிய இடங்களில் பாதையின் நடுவைப் பிடிக்க வேண்டும் என்று கற்றேன். நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறந்தாலும் படாத தூரம் விடவும், திரும்புமுன் தோளுக்கு மேலாகப் பின்னால் வரும் சாரதியின் கண்ணைப் பார்க்கவும் கற்றேன். பிறகு சனிக்கிழமைகளில் பெண்கள் மட்டும் சேர்ந்து ஓடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். நாங்கள் கூடுதலாகப் போவது கிரீன்வே என்னும் பாதையில்: பெக்டனிலிருந்து ஒலிம்பிக் பூங்காப் பக்கமாகச் சுமார் 7 கிலோமீற்றர், வீட்டுக் கூரைகளின் மட்டத்துக்கு உயர்ந்து செல்லும் மண்மேடு. 1860களில் பசல்ஜெட் என்னும் பொறியியலாளர் கட்டிய பெருங்கழிவுநீர்க் குழாய்களின் மேல்தான் அந்தப் பாதை போகிறது. சில நாட்களில் மணம் மேலே வரும். ஆனால் கார் இல்லை, லொறி இல்லை, காற்றும் வானமும் மட்டும்தான். இன்னும் தூரம் போக வேண்டுமென்றால் பார்க்கிங் என்னும் ஊரில் தொடங்கும் மூன்றாம் இலக்கச் சைக்கிள் பாதை, கேபிள் வீதி வழியாக டவர் ஹில்லுக்கும் அங்கிருந்து தேம்ஸ் ஆற்றங்கரைக்கும் கொண்டுபோய்விடும்.

2022 ஜனவரியில் திருத்தப்பட்ட வீதி ஒழுங்குமுறை, இருவர் பக்கம்பக்கமாக ஓடலாம், சில வேளைகளில் அதுவே பாதுகாப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. பலாலி வீதியில் நான்கு பேர் வரிசைகட்டி ரியூசனுக்குப் போய் ஆசிரியரிடம் ஏச்சு வாங்கிய எங்களுக்கு இருவர் என்பது குறைவுதான். ஆனாலும் அந்த விதி என்னை ஆற்றியது. நான் இந்த ஊருக்குப் பழகிவிட்டேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதும் அந்த நாட்களில்தான். சொல்லிவிட்டு, அப்பாவின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஓடுவதற்கு ஆளில்லாத சைக்கிளுக்கு மாதாமாதம் காற்று அடிப்பதாக அம்மா சொன்னார்.

பொலிஸ்காரரைச் சந்தித்த அதே மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, குழுவிலுள்ளவர்கள் என்னை வாட்டர்லூ பாலத்தடிக்கு அழைத்துப் போனார்கள். 1994 முதல் மாதந்தோறும் அங்கே சைக்கிள்காரர்கள் கூடி, தலைவரோ முன்னரே வகுத்த பாதையோ இல்லாமல் நகரைச் சுற்றி வருகிறார்கள். எத்தனை விதமான சைக்கிள்கள்! பாட்டுப்பெட்டியை இழுத்து வருபவை, படுத்தபடி ஓடுபவை, இருவர் மிதிப்பவை. அவற்றுக்கு நடுவில், பின்பக்கம் நீண்ட ஒரு சைக்கிளில், மெத்தை வைத்த கரியரில், வளர்ந்த பெண்ணொருத்தி ஓடுபவரின் தோளில் கையை வைத்தபடி அமர்ந்திருந்தாள். சட்டம் சொல்லும் "அதற்கென்று செய்யப்பட்ட" சைக்கிள் அதுதான். நான் வேறெதையும் பாராமல் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஓடினேன். ஒரு சமிக்ஞை விளக்கில் நின்றபோது விலையைக் கேட்டேன். ஆயிரக்கணக்கான பவுண் என்றார்கள். ஊரில் சணல் கயிற்றுடன் இலவசமாகக் கிடைத்த இடம் அது.

தங்கச்சிக்கு இப்போது சொந்தச் சைக்கிள் இருக்கிறது, கரியருடன்தான் வாங்கினோம். சென்ற சனிக்கிழமை கிரீன்வேயில் திரும்பி வரும்போது எதிர்க்காற்று பலமாக இருந்தது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. அவள் வாரம் முழுவதும் விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பியவள், கால் ஓய்ந்து பின்தங்கினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் வந்து, ஊரில் செய்வதுபோல, ஒரு கையைக் கைபிடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையை அவள் முதுகில் ஊன்றித் தள்ளினேன். குளிர்ச்சட்டைக்கு மேலாகவும் அவள் மூச்சு வாங்குவது உள்ளங்கையில் தெரிந்தது.

"ஊரெண்டா அக்கா, இப்ப நான் கரியரில இருந்து நித்திரை கொண்டிருப்பன்" என்றாள்.

"கதைக்காதை பிள்ளை, மிதி" என்றேன்.