பால் சேர்க்காத மசாலாத் தேநீர்: இதுவரை செய்து பார்த்ததில்

மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து மாலை நேரத்தில் பால் சேர்க்காத மசாலாத் தேநீர்தான் போடுகிறேன். பால் இருந்தால் அதன் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும்; சற்றுக் கூடுதலாகக் கொதித்தாலும் நாக்குக்குத் தெரியாது. பால் இல்லாதபோது இலை கிடந்த ஒவ்வொரு நிமிடமும் டம்ளரில் தெரிகிறது. அதனால் மசாலாவைக் கொதிக்க வைப்பது தனி, இலையை ஊற வைப்பது தனி என்று பிரித்துக்கொண்டேன். இந்தத் தேநீரின் பக்குவம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இப்போதைக்கு நிலைத்திருக்கும் அளவு: இரண்டு டம்ளர் தேநீருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், ஏலக்காய் 3, கிராம்பு 2, சுண்டுவிரல் நீளத்துக்குப் பட்டை, மிளகு 6, சுக்கு ஒரு சிறு துண்டு. சிறிய உரலில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். தூளாக்கினால் வடிகட்டியைத் தாண்டி வந்து அடியில் வண்டலாகத் தங்கிவிடுகிறது. பச்சைத் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 8 நிமிடம் மூடி வைக்கிறேன். மூடியை விட்டுவிடாதீர்கள். சமையலறையெல்லாம் ஏலக்காய் மணந்தால், அந்த மணம் டம்ளரை விட்டுப் போய்விட்டது என்று பொருள்.

இஞ்சியா சுக்கா என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். பச்சை இஞ்சி எலுமிச்சையின் சாயலோடு மணக்கிறது. காரம் நாக்கில் பட்டென்று ஏறி இறங்கிவிடுகிறது. இஞ்சி உலரும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருளில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகவோலாக மாறுகிறது. சுக்குப் போட்ட தேநீர் தொண்டையில் இறங்கிய பிறகுதான் தன் வேலையைக் காட்டுகிறது. இந்தக் காரங்கள் சூட்டை உணரும் நரம்புகளையே தூண்டுவதால், டம்ளர் ஆறிய பின்னும் நெஞ்சில் கதகதப்பு நிற்கிறது. குளிருக்கு என்றால் என் ஓட்டு சுக்குக்குத்தான். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள்; தோலைச் சீவிவிட்டே தட்டுகிறேன். தட்டும்போது வெளிர்மஞ்சள் மாவு உதிர்ந்தால் நல்ல சுக்கு.

அடுத்தது இலை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய, குருணை போன்ற சி.டி.சி. தூள் பாலுக்கென்றே அமைந்தது. சாறு சட்டென்று இறங்கிவிடும். பால் இல்லாமல் குடிக்க அப்படி நொறுக்காமல் உருட்டிப் பதப்படுத்திய நீலகிரியின் ஆர்தடாக்ஸ் இலை எனக்கு ஒத்துவருகிறது. மசாலா நீரை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு தேக்கரண்டி இலையைப் போட்டு மூடி, 3 நிமிடத்தில் வடிகட்டுகிறேன். நான்காவது நிமிடத்தில் துவர்ப்பு மேலேறி, ஏலக்காய் பின்னுக்குப் போய்விடுகிறது.

கோழிக்கோட்டில் பிரியாணிக்குப் பின் தரும் சுலைமானி என்ற பால் இல்லாத தேநீரைப் போல எலுமிச்சையும் பிழிந்து பார்த்தேன். கண்ணாடி டம்ளரில் சில சொட்டு விழுந்ததுமே கரும்பழுப்பு தேன் நிறத்துக்கு வெளுத்தது. புளிப்பு ஏறினால் தேயிலையின் நிறமிகள் இப்படி வெளுக்கும். ஆனால் எலுமிச்சையோடு மிளகு ஒட்டவில்லை. எலுமிச்சை பிழியும் நாளில் மிளகையும் பட்டையையும் எடுத்துவிட்டு, ஏலக்காய், கிராம்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரை. கருப்பட்டி சுக்குக்கு நல்ல துணைதான். இலையின் மணத்தை மட்டும் மூடிவிடுகிறது.

பிளாஸ்க்கில் ஊற்றுவதென்றால் மசாலாவை முழுதும் வடிகட்டிவிட்டே ஊற்றுங்கள். உள்ளே ஒரு கிராம்பு தங்கினாலும் ஒரு மணி நேரத்தில் அதன் சுவை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.