ஜான் படகில் பாஸ்: விலையைவிட எடையைப் பாருங்கள்

நியூ ஜெர்சியின் மனாஸ்குவான் நீர்த்தேக்கம் 770 ஏக்கர். பென்சில்வேனியாவின் மார்ஷ் கிரீக் ஏரி 500 ஏக்கருக்கு மேல். இரண்டிலும் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீன் உண்டு. இரண்டிலும் பெட்ரோல் எஞ்சின் ஓட்டக்கூடாது, மின்மோட்டார் மட்டும்தான். எண்பதாயிரம் டாலர் பாஸ் படகை அங்கே இறக்கினாலும் அதன் பெரிய எஞ்சின் சும்மாதான் தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்த மாதிரி நீர்த்தேக்கங்களும் மாநிலப் பூங்கா ஏரிகளும் நிறைய. கையில் காசு குறைவென்றால் தேட வேண்டிய தண்ணீர் இதுதான். அதற்குத் தட்டை அடி கொண்ட அலுமினிய ஜான் படகு போதும்.

இந்தப் படகுகளை எண்ணால் சொல்வார்கள். 1436 என்றால் நீளம் 14 அடி, அடிப்பாகத்தின் அகலம் 36 அங்குலம். 1232 என்றால் 12 அடி, 32 அங்குலம். 1232-ஐ இரண்டு பேர் தூக்கி பிக்அப் வண்டியில் போட்டுவிடலாம். ஆனால் எழுந்து நின்று தூண்டில் வீச அது ஆகாது, ஆட்டம் அதிகம். நின்று வீசுவதாக இருந்தால் 36 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். டிரெய்லரோடு சேர்த்து ஆயிரம் டாலரையொட்டிப் பழையது கிடைக்கும். பதிவுக் காகிதம் இல்லாத படகு எவ்வளவு மலிவாக வந்தாலும் தொட வேண்டாம்.

பழைய படகில் முதல் வேலை ஒழுக்கு பார்ப்பது. டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் அடைப்பைப் போட்டு, உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 14 அடிப் படகில் ஓர் அங்குலத் தண்ணீரே 200 பவுண்டுக்கு மேல் கனக்கும், டிரெய்லர் தாங்காது. கீழே குனிந்து, சொட்டும் ரிவெட்டுகளை (தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளை) மார்க்கரால் வட்டமிடுங்கள். தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே ரிவெட்டின் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே அதன் வாலைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அதற்கும் அடங்காத இடத்தில் கம்பி பிரஷ்ஷால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, உட்புறமாக குளுவிட் போன்ற எபாக்சிப் பசையைப் பூசலாம். சிலிக்கோன் பக்கம் மட்டும் போகாதீர்கள். சில மாதங்களில் உரிந்துவிடும். அதன் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

அடுத்து மோட்டார் மாட்டும் பின்பலகை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் ‘டக்’ என்று ஒலிக்கும், உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். மாற்றுவதாக இருந்தால் முக்கால் அங்குல பிளைவுட் இரண்டைத் தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டி, சுற்றிலும் எபாக்சி பூசுங்கள். விளிம்புகளுக்கும் போல்ட் துளைகளுக்கும் இரண்டு பூச்சு கூடுதலாகத் தேவை, தண்ணீர் ஏறுவது அங்கேதான். கடையில் பச்சை நிறத்தில் கிடைக்கும் மருந்தேற்றிய பலகை நீடிக்குமே என்று பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். அதில் இருப்பது செம்பு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். சில ஆண்டுகளில் தகட்டில் ஊசித்துளை விழுந்துவிடும்.

இனி எல்லாரும் ஆசைப்படும், நின்று தூண்டில் வீசும் மேடை. பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு படகின் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள். ஆள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்ந்து 500 பவுண்ட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் 360. ஈயபேட்டரி 60. மின்மோட்டார் 28. கோல்களும் பெட்டியும் 30. ஐஸ் பெட்டி 20. கூட்டினால் 498. மேடைக்கு மிச்சம் இரண்டே பவுண்ட். அரை அங்குல பிளைவுட் முழுத்தாள் ஒன்று சுமார் 45 பவுண்ட் இருக்கும். மேலே விரிக்கும் கம்பளம் தண்ணீர் குடித்தால் அது வேறு. வீடியோவில் பளபளக்கிற முழுமேடை ஜான் படகுகள் பலவும் இந்தக் கணக்கில் தேறாதவை. விளிம்பு தண்ணீரை நெருங்கிய படகில் பக்கத்து அலை ஒன்று உள்ளே வந்தால் போதும்.

வழி இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 25 பவுண்ட்தான். ஈயபேட்டரியை விட்டு அதற்கு மாறினால் 35 பவுண்ட் மிச்சமாகும். அந்த 35 பவுண்டுக்குள் அடங்கும் மேடையைக் கட்டுங்கள். அதாவது அணியத்தில் (படகின் முன்முனையில்) மட்டும் அரைத்தாள் பிளைவுட், அதைத் தாங்க ஒன்றரை அங்குல அலுமினிய ஆங்கிள், தாங்கல்களுக்கு இடையே 16 அங்குலத்துக்கு மிகாத இடைவெளி. திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மேடையின் உயரம் முன் பெஞ்சைத் தாண்ட வேண்டாம். ஆள் நிற்கும் உயரம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். கம்பளத்துக்குப் பதில் வழுக்காத பெயின்ட், அதுவும் வெளிர் நிறத்தில். கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கொக்கிகளையும் பிடித்து வைக்கும்.

இடம் வேண்டுமென்று பெஞ்சுகளை அறுத்து எடுப்பதைப் போல மோசமான வேலை இன்னொன்று இல்லை. படகின் இரு பக்கச் சுவர்களையும் விறைப்பாகப் பிடித்திருப்பது பெஞ்சுதான். அதன் அடியில் உள்ள நுரைதான், படகு கவிழ்ந்து நிரம்பினாலும் அதை மூழ்காமல் வைக்கும். பழைய நுரை தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் எடுத்துவிட்டு, வீட்டுச் சுவருக்கு வைக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நுரைப்பலகையை வெட்டி அடையுங்கள். உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம்.

மோட்டார் கணக்கு எளிது. மொத்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 2 பவுண்ட் உந்துவிசை. படகு 180, சுமை 500 என்றால் 14 பவுண்டே போதும் என்று வரும். அது காற்றில்லாத நாளின் கணக்கு. 30 பவுண்ட் மோட்டாரிலிருந்து 55-க்குப் போனால் வேகம் பெரிதாகக் கூடாது, காற்றை எதிர்க்கும் பிடிதான் கூடும். 55 பவுண்ட் மோட்டார் முழு விசையில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 6 கேஜ் வயரும், பேட்டரியை ஒட்டியே 60 ஆம்பியர் பிரேக்கரும் வையுங்கள். மெல்லிய வயர் போட்டால் மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட் வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். இணைப்பு முனைகள் உருகுவதும் அதனால்தான். 100 ஆம்பியர்-மணி ஈயபேட்டரியில் பாதியை மட்டுமே கணக்கில் வையுங்கள்: 20 ஆம்பியரில் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதும் பயன்படும். ஆனால் அதற்கென்று உள்ள சார்ஜர் தேவை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. குளிர்காலத்தில் கராஜில் விட்டுவைப்பவர்கள் கவனிக்க.

மோட்டாரை அமரத்தில் (படகின் பின்முனையில்) மாட்டினால் அது படகைத் தள்ளும், அணியம் காற்றில் அலையும். ஜான் படகுக்கு அடியில் பிடிமானம் கிடையாது, வழுக்கிக்கொண்டே போகும். அணியத்தில் மாட்டினால் படகை இழுத்துப் போகும், நேராக நிற்கும். ஆனால் அணியத்துக்கென்று செய்த மோட்டார் விலை அதிகம். அமரத்தில் மாட்டும் மலிவான மோட்டார்கள் பலவற்றில் கைப்பிடித் தலையின் போல்ட்டைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டலாம். அப்படித் திருப்பி, அணியத்தில் ஒரு மரக்கட்டையைப் போல்ட் போட்டுப் பொருத்தி, அதில் கிளாம்ப் போட்டால் வேலை முடிந்தது. கிளாம்ப் அதிர்வில் தளரும், ஒரு கயிற்றால் மோட்டாரைப் படகோடு கட்டிவையுங்கள். மீன்காட்டும் கருவி வைத்தால் அதற்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள். மோட்டாரோடு பகிர்ந்தால் திரை முழுக்க இரைச்சல் கோடுகள்தான்.

தூண்டிலுக்கு இரண்டு கோல் போதும். ஒன்று 7 அடி மீடியம் ஸ்பின்னிங் (நரம்புச் சுருள் கோலுக்குக் கீழே தொங்கும் வகை): 10 பவுண்ட் இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, முனையில் 8 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் நரம்பு. அதில் 5 அங்குல சென்கோ என்னும் மென்பிளாஸ்டிக் புழுவை நடுவில் ரப்பர் வளையம் மாட்டி 1/0 கொக்கியில் கோத்து, தளர்ந்த நரம்பில் தானாக இறங்க விடுங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதே விழும். நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள், அது பக்கவாட்டில் நகர்ந்தால் இழுக்கலாம். வளையம் இல்லாமல் நேராகக் குத்தினால் ஒரு மீனுக்கு ஒரு புழு கிழியும், பாக்கெட் ஒரு காலையில் தீரும். நடுவில் கிழிந்ததையும் எறியாதீர்கள், டெக்சஸ் முறையில், அதாவது 3/0 கொக்கியில் தலைவழியே கோத்துக் கொக்கி முனையைப் புழுவுக்குள் மறைத்தால் இன்னும் இரண்டு மீன் தாங்கும். மற்றது 7 அடி மீடியம் ஹெவி பெய்ட்காஸ்டர் (சுருள் கோலின் மேலே இருக்கும் வகை), 50 பவுண்ட் பின்னல் நரம்போடு. அல்லி இலைகளின் மேல் ரப்பர் தவளை இழுக்க அதுதான். தவளையை மீன் அடித்ததும் இழுத்துவிடாதீர்கள். கனம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

ஜான் படகு சில அங்குல ஆழத்தில் மிதக்கும், பெரிய படகு நுழையாத இலைக்கூட்டத்துக்குப் பின்னால் போய்விடலாம். ஆனால் அலுமினியம் சத்தத்தை அப்படியே தண்ணீருக்குக் கடத்தும். இடுக்கி ஒன்று கீழே விழுந்தால் ஆழமில்லாத இடத்து மீன் கலைந்துவிடும், தரையில் ரப்பர் பாய் போடுங்கள். சின்னப் படகில் பெரிய மீன் வராது என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஜார்ஜ் பெர்ரி என்பவர் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் பிடித்த 22 பவுண்ட் 4 அவுன்ஸ் உலக சாதனை லார்ஜ்மவுத், வீட்டில் செய்த மரப்படகிலிருந்து வந்தது. அதைச் சமன்செய்ய ஜப்பானின் பிவா ஏரியில் 2009 வரை ஆயிற்று.

சட்டத்தில் பலர் தடுக்கி விழும் இடம், மின்மோட்டார் என்றால் பதிவு வேண்டாம் என்ற நினைப்பு. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் மின்மோட்டார் மாட்டினாலே பதிவு தேவை. பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைந்த படகில் உயிர்க்கவசத்தை அணிந்தே இருக்க வேண்டும். படகில் வைத்திருந்தால் மட்டும் போதாது. நியூ ஜெர்சியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை பாஸைப் பிடித்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.