ஈரம் உலரும் நேரம்: பர்னபித் தோட்டத்தில் நான்கு கஞ்சாச் செடிகள்

2020ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நின்ற கஞ்சாச் செடியின் உச்சிப் பூங்கொத்தில் ஒரேயொரு சிற்றிலை மட்டும் மஞ்சளித்து வாடியிருப்பதைக் கண்டேன். சுற்றியிருந்த இலைகளெல்லாம் பச்சையாக இருந்தன. முந்திய நாள் மாலை அதுவும் பச்சையாகத்தான் இருந்தது. விரல் நுனியால் பற்றி மெல்ல இழுத்ததும் பிடிமானமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. இலை வந்த இடத்தில் பூங்கொத்தைப் பிளந்து பார்த்தேன். வெளியே பிசின் மின்னிக்கொண்டிருந்த அந்தப் பூவின் நடுத்தண்டு, ஊறிய பேரீச்சம்பழத்தின் நிறத்தில் குழைந்து கிடந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிற இழைகள் படர்ந்திருந்தன. என் மூச்சுக்காற்று பட்டதும் அவற்றிலிருந்து புகை போலத் துகள் எழும்பியது. அந்த வாரம் முடிவதற்குள் நான்கு செடிகளில் மூன்றை வெட்டிக் குப்பைப் பையில் போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று.

நாங்கள் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரை ஒட்டிய பர்னபியில். 2018 அக்டோபர் 17 முதல் நடப்பில் உள்ள கஞ்சாச் சட்டம், ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்க இடம் தருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அவை பொது இடத்தில் நிற்பவர் கண்ணில் படக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமமின்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றம், இலங்கையிலும் அப்படித்தான். ஆகவே நான் எழுதுவது, சட்டம் இடம் தரும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

எங்கள் வீட்டில் இது என் மனைவிக்காக வளர்கிறது. அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் இருக்கிறது. இரவில் கால் தசைகள் விறைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் ஒப்புதலோடு, பூவைத் தேங்காய் எண்ணெயில் இளஞ்சூட்டில் காய்ச்சிச் சிறிதளவு எடுத்துக்கொள்கிறார். அந்த நோய்க்காக அவர் பெறும் ஊசி மருந்தோ உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக்கூடியது. பூசணம் பிடித்த பூவில் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பிற பூஞ்சைகளும் சேர்ந்து குடியேறும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் அது உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கவல்லது. காய்ச்சினால் பூஞ்சை செத்துவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. பூஞ்சை சாகும்; ஆனால் பூஞ்சைகள் விட்டுச்செல்லும் நஞ்சுகளில் சில சமையல் சூட்டுக்கு அழிவதில்லை. அதனால்தான் அந்த மூன்று செடிகளில் நல்லதாகத் தெரிந்த பகுதிகளைக்கூட நான் எடுத்துவைக்கவில்லை.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் வேளாண்மைப் பேச்சில் ‘சாம்பல் நோய்’ என்றால் இலை மேல் வெள்ளை மாவு தூவினாற்போல் வருவது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகள் நன்கறிந்த நோய் அது. நான் மேலே சொன்னது அது அன்று. இது போட்ரைடிஸ் சினெரியா என்னும் பூஞ்சையால் வரும் சாம்பல் பூசணம். குளிர்பதனப் பெட்டியில் மறந்துபோன ஸ்ட்ராபெர்ரி மேல் நரைத்த பஞ்சு போலப் படர்வதும் பெரும்பாலும் இதுவே. குளிரில் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை இதனிடம் செல்லாது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலும் இது மெல்ல வளரும், 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலோ செழித்து வளரும். இரண்டு நோய்களும் கஞ்சாவைத் தாக்குகின்றன, ஆனால் வழிகள் வேறு. மாவு போன்றது இலையின் மேற்பரப்பில் வாழ்வது. அதற்கு இலை நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை, நிழலும் தேங்கிய காற்றும் போதும். சாம்பல் பூசணத்துக்கு நீர்த்துளி வேண்டும், அல்லது நீர்த்துளிக்கு ஒப்பான ஈரக்காற்று வேண்டும், அதுவும் பல மணி நேரம் தொடர்ந்து வேண்டும்.

அந்தக் கடைசிச் சொற்றொடரைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பருவங்கள் பிடித்தன. வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் ஏறத்தாழ 1,400. அளவைப் பார்த்தால் சென்னைதான் ஈரமான ஊர். ஆனால் சென்னையில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின் வெயில் வந்து ஒரு மணி நேரத்தில் இலை உலர்ந்துவிடும் நாட்கள் பல. இங்கே இலையுதிர்காலத்தில் தூறல் மூன்று நாட்கள் விடாமல் பெய்யும். சூரியன் தாழ்ந்து போயிருக்கும். தூறல் நின்ற பின்னும் இலை உலர அரைநாள் ஆகும். செடிக்கு மழையின் மில்லிமீட்டர் கணக்கு ஒரு பொருட்டே அல்ல. பூவுக்குள் நீர் எத்தனை மணி நேரம் உலராமல் நின்றது என்பதே கணக்கு. பிரான்சின் சோட்டர்ன் வட்டாரத்தில் இதே பூஞ்சையைத் திராட்சைத் தோட்டக்காரர்கள் விரும்பி வரவேற்கிறார்கள். சிரோன் என்னும் குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றோடு சேருமிடத்தில் காலையில் மூடுபனி எழுகிறது. அதில் பூஞ்சை பிடிக்கிறது. பிற்பகலின் வறண்ட வெயில் அதை அடக்கிவைக்கிறது. பழம் அழுகாமல் சுண்டி, சர்க்கரை திரண்டு, இனிய ஒயினுக்கு உதவுகிறது. பிற்பகல் உலராத ஆண்டில் அதே பழம் வெறும் அழுகல்தான். உலரும் நேரம் எவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கஞ்சா நாள் குறையக் குறையப் பூக்கும் செடி. இங்கே ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். ஆகஸ்டு முதல் வாரத்தில்தான் செடி பூவுக்குத் திரும்பும். அதன்பின் எட்டு முதல் பத்து வாரம் ஆகும். கூட்டிப் பார்த்தால், பூ முற்றிக் கனமாகி நெருங்கும் நாட்களும் மழைக்காலம் தொடங்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. முதல் ஆண்டு நான் வாங்கியிருந்ததோ உயரமாக வளர்ந்து அக்டோபர் நடுவில் முற்றும் வகை. விதை வாங்கிய அன்றே நான் தோற்றுவிட்டேன் என்பது பின்னர்தான் புரிந்தது.

இரண்டாம் ஆண்டு மழையைத் தடுத்தால் போதும் என்று எண்ணி, மரச்சட்டம் அடித்து மேலேயும் நான்கு பக்கமும் பாலிதீன் விரிப்பால் மூடினேன். ஒரு துளி மழைகூட உள்ளே விழவில்லை. ஆனால் மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் எழுந்த நீராவி வெளியே போக வழியில்லை. இரவில் விரிப்பின் உட்புறம் வியர்த்து, விடியும்போது செடியின் மேலேயே சொட்டியது. செப்டம்பர் கடைசியிலேயே, அதாவது முந்திய ஆண்டைவிட முன்னதாகவே, பூசணம் வந்துவிட்டது. பக்கங்களை மூடிய கூடாரத்தைவிட ஒன்றும் இல்லாமல் வெட்டவெளியில் விட்டிருந்தால் குறைவாக இழந்திருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன்.

மூன்றாம் ஆண்டு மேலே மட்டும் ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு போட்டு, பக்கங்களை முழுக்கத் திறந்துவிட்டேன். அது மழைக்கு மட்டுமல்ல, பனிக்கும் மறைவாக அமைந்தது. மேகமற்ற இரவில் இலைகள் தம் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அப்போது காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் பனித்துளியாகப் படிகிறது. மேலே ஒரு கூரை இருந்தால் அந்த இழப்பு குறையும். தெருவில் நிறுத்திய காரின் கண்ணாடி விடியலில் நனைந்திருக்க, கொட்டகையில் நிறுத்திய காரின் கண்ணாடி உலர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். எங்கள் ஊரில் மழையே இல்லாத செப்டம்பர் நாட்களிலும் செடி விடியும்வரை நனைந்து நின்றது பனியால்தான் என்பதை அந்தக் கூரை காட்டிக்கொடுத்தது.

ஆனால் வேலி ஒரு சிக்கல். பிறர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக எழுப்பும் ஆறடிப் பலகை வேலி, காற்றையும் தடுத்துவிடுகிறது. வேலியை ஒட்டி நின்ற செடியில்தான் இரண்டு ஆண்டுகளும் நோய் முதலில் வந்தது. பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வேலியின் இருபுறமும் மாற்றி அடித்து, பார்வை நுழையாமல் காற்று மட்டும் நுழையும்படி செய்தேன். செடிகளை வேலியிலிருந்து விலக்கி, ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளியில், காலை வெயில் முதலில் விழும் கிழக்குப் பக்கம் நட்டேன். மாலை வெயிலைவிடக் காலை வெயில் மதிப்பு மிக்கது. இரவு ஈரத்தை இரண்டு மணி நேரம் முன்னதாக உலர்த்திவிடும். தண்ணீரும் காலையில் மட்டும், வேரடியில் மட்டும் ஊற்றுகிறேன்.

கவாத்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறாகச் செய்பவர்கள் மிகுதி. பூ வந்த பிறகு இலையை உருவுவது காலம் கடந்த வேலை. செடியின் உருவத்தை ஜூன் மாதத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஆறு கணு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுகிறேன். அதனால் நடுவே ஒரு பெரிய உச்சிப் பூங்கொத்து உருவாகாமல் பல சிறிய கொத்துகள் வருகின்றன. முன்கை அளவுக்குப் பருத்த கொத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறோம். இந்த ஈரமான கரையில் அந்தப் பருமனே அதற்கு எமன், ஏனென்றால் அதன் நடுவுக்குக் காற்று போகவே போகாது. பக்கக் கிளைகளைத் தென்னங்கயிற்றால் வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டி, செடியின் நடுவைக் கிண்ணம் போலத் திறந்துவைக்கிறேன். ஜூலையில் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கிளைகளையும் இலைகளையும் நீக்கிவிடுகிறேன். தழைச்சத்து மிகுந்த உரத்தை ஆகஸ்டு முதல் நிறுத்திவிடுகிறேன். நீர்த்துத் தளதளவென்று வளர்ந்த திசுவில் பூஞ்சை எளிதில் நுழையும்.

இத்தனை செய்தும், விதைத் தேர்வு பிழைத்தால் எல்லாம் வீண். இப்போது நான்கில் இரண்டு, பகல் நீளத்தைப் பாராமல் வயது வந்ததும் பூக்கும் வகை. ருடராலிஸ் என்று 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி விவரித்த குட்டையான காட்டுக் கஞ்சாவிலிருந்து அந்தப் பண்பு வந்தது. மே நடுவில் முளைக்கவைத்தால் ஆகஸ்டு பாதியில், வான்கூவரின் வறண்ட கோடையிலேயே அறுவடை முடிந்துவிடுகிறது. விளைச்சல் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அது முழுதாகக் கைக்கு வந்து சேர்கிறது. மற்ற இரண்டும் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் முற்றும் வகை.

மருந்து தெளிப்பதைப் பற்றி என் கருத்து உறுதியானது: பூ வந்த பின் எதையும் தெளிக்கக் கூடாது. திராட்சைக்குப் பயன்படும் மைக்ளோபியூட்டனில் என்னும் பூஞ்சைக்கொல்லி, சூடேறும்போது ஹைட்ரஜன் சயனைடு நச்சுவாயுவை வெளியிடக்கூடியது. கனடாவில் கஞ்சாவுக்கு அதற்கு அனுமதி இல்லை. பூக்கும் முன், ஜூன், ஜூலை மாதங்களில் வெள்ளை மாவு நோய்க்கு மட்டும், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இலைகளில் தெளிக்கிறேன். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்பவர் சீமைச் சுரைக்காயின் மாவு நோய்க்குப் பால் உதவுவதை 1999இல் ஆய்ந்து வெளியிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னே தெரியும் பர்னபி மலையுச்சியில் இருக்கும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில்தான் ஜமீர் புஞ்ஜா என்னும் தாவர நோயியல் பேராசிரியர் கஞ்சாவின் பூஞ்சை நோய்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். என் தோட்டத்தின் தொல்லைக்கு இவ்வளவு அருகிலேயே ஒருவர் அறிவு தேடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

புழுவையும் மறக்கக் கூடாது. பூங்கொத்தைத் துளைக்கும் பச்சைப் புழு விட்டுச்செல்லும் காயமும் எச்சமும் பூசணத்துக்குக் கதவு திறந்துவிடுவது போல. செப்டம்பர் முழுதும் ஒவ்வொரு காலையும் கொத்து கொத்தாகப் பார்க்கிறேன்; தேடுவது அந்த ஒற்றை மஞ்சள் இலையையும் மிளகுத்தூள் போன்ற புழு எச்சத்தையுமே. பூசணம் கண்டால் உலுக்காமல், முதலில் பையால் போர்த்தி, கெட்ட இடத்துக்கு இரண்டு விரற்கிடை கீழே வெட்டி, கத்தரியைச் சாராயத்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கிளைக்குப் போகிறேன். வெட்டியது எருக்குழிக்குப் போவதில்லை.

அறுவடை நாளை முடிவு செய்வது வானிலை அறிக்கைதான். உருப்பெருக்கியில் பிசின் மணிகள் பால்நிறமாகத் தெரிந்தால் முற்றிவிட்டது என்று பொருள்; ஆனால் பாதி பால்நிறமாக இருக்கும்போதே ஐந்து நாள் மழை வரும் என்றால் வெட்டிவிடுகிறேன். ஒரு வாரம் முந்தி வெட்டிய பூவின் வீரியம் சற்றே குறையும், அவ்வளவுதான். வெட்டிய பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. இங்கே செப்டம்பரில் வீட்டுக்குள்ளேயே காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டும். கிளைகளைக் கொடியில் நெருக்கித் தொங்கவிட்டால் தோட்டத்தில் தப்பியது அறையில் கெடும். சாமான் அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, 18 டிகிரி வெப்பத்திலும் 55 முதல் 60 சதவீத ஈரப்பதத்திலும் வைத்து, சிறுகாம்பு மடங்காமல் ‘டக்’கென்று ஒடியும்வரை பத்து நாள் போலக் காத்திருக்கிறேன். பிறகு கண்ணாடிச் சாடியில் பாதிக்குமேல் சற்று நிரப்பி, உள்ளே ஒரு சிறிய ஈரமானியைப் போட்டு மூடுகிறேன். மறுநாள் காலை முள் 65ஐத் தாண்டி நின்றால் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி மீண்டும் ஒரு பகல் உலர்த்துகிறேன்.

கடந்த செப்டம்பரில் கடைசிச் செடியை ஒரு புதன்கிழமை மாலை, விளக்கு வெளிச்சத்தில் வெட்டினேன்; வியாழன் விடியலில் தொடங்கிய தூறல் அடுத்த செவ்வாய் வரை நிற்கவில்லை. பத்தாம் நாள் சாடிக்குள் முள் 59இல் நின்றது.