டிராகன் முன்னால் எதை முதலில் போடுவது

பால்டர்ஸ் கேட் 2 என்ற கம்ப்யூட்டர் கேமை விளையாடுகிறவர்கள் எல்லோரும் எங்கேயாவது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவருக்கு அது அத்காட்லா நகரத்து லிச், அதாவது செத்தும் சாகாத மந்திரவாதி. இன்னொருவருக்கு விண்ட்ஸ்பியர் மலைக் குகையில் படுத்திருக்கும் ஃபர்க்ராக் என்ற சிவப்பு டிராகன். யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் யோசனை, "இன்னும் நாலு லெவல் ஏத்திட்டு அப்புறம் வா" என்பதுதான். எனக்கு அந்த யோசனை பிடிப்பதே இல்லை. பயோவேர் உருவாக்கி 2000-ல் வெளிவந்த இந்த கேமை நான் நாலு சிடியில் இருந்த காலம் தொட்டு விளையாடுகிறேன். லெவல் போதாமல் தோற்பவர்களைவிட, சரியான மந்திரத்தைத் தப்பான நேரத்தில் போட்டுத் தோற்பவர்களே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். நாயகனையும் சேர்த்து நம் கூட்டத்தில் இருக்கிற ஆறு பேர் போதும். எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் ஆறு பேர் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் நாயகன் பெர்செர்க்கர் வகைப் போர்வீரன். கூடவே வீரர்கள் கெல்டார்ன், மின்ஸ்க்; குணப்படுத்தும் ஜஹீரா; மந்திரம் போடும் ஏய்ரி, நாலியா. எட்வின் இன்னும் பலமான மந்திரவாதி என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தான் காவல் காத்த மந்திரக்காரி டைனஹீரை இழந்த மின்ஸ்க், ஏய்ரியைத் தன் காவலில் ஏற்றுக்கொள்ளும் இடத்துக்காகவே நான் இந்தக் கூட்டத்தை விடமாட்டேன்.

முதலில் மந்திரவாதிகள். இந்த கேமில் பாதிச் சண்டை அவர்களோடுதான். எதிரி மந்திரவாதி ஒருவன் உங்களைப் பார்த்ததும் அவன் மேல் ஏழெட்டு வெளிச்சம் மின்னும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் அவன் போட்டுக்கொள்வது எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கதவு வைத்த வீடு மாதிரி, வெளிக்கதவைத் திறக்காமல் உள்கதவைத் தட்டிப் பயனில்லை.

வெளிக்கதவு, மாயத் தோற்றங்கள். மிரர் இமேஜ் அவனைப் போலவே பல உருவங்களைக் காட்டும். இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி இருந்தால் அவன் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் உங்கள் மந்திரத்தை அவன் மேல் குறிவைக்கவே முடியாது. இங்கேதான் பலர், கவசங்களை உடைக்கும் பிரீச் மந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். இதற்கு மாயத்தைக் கலைக்கும் ட்ரூ சைட் வேண்டும். நடுக்கதவு, மந்திரத்தைத் தடுக்கும் மந்திரங்கள். ஸ்பெல் டர்னிங் போன்றவை. அவற்றை சீக்ரெட் வேர்டு, பியர்ஸ் மேஜிக், ரூபி ரே இவற்றில் ஒன்றால் உரிக்க வேண்டும். உள்கதவு, ஆயுதத்தைத் தடுப்பவை. ஸ்டோன்ஸ்கின், மேன்டில் எல்லாம் இந்த வகை. பிரீச் வேலைசெய்யும் இடம் இதுதான். மூன்றும் திறந்தபிறகு அவன் நோஞ்சான். மின்ஸ்க் இரண்டு அடி அடித்தால் போதும்.

ஒரு ரவுண்டு என்பது ஆறு விநாடி. ஒருவர் ஒரு ரவுண்டில் ஒரு மந்திரம்தான் போட முடியும். அதனால்தான் கூட்டத்தில் மந்திரம் தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும் என்கிறேன். நாலியா உரிக்கத் தொடங்கும்போதே ஏய்ரி அடுத்ததைத் தயாராக வைத்திருப்பாள். ஒரே ஆள் மூன்றையும் செய்ய முயன்றால், அதற்குள் எதிரி மூன்று மந்திரம் போட்டிருப்பான்.

கெல்டார்னை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்கும் இதுவே காரணம். கோயில் பகுதியின் சாக்கடைச் சுரங்கத்தில் அவரைச் சந்திக்கலாம். அவர் இன்க்விசிட்டர், அதாவது மந்திரவாதிகளை வேட்டையாடும் வகை வீரர். ட்ரூ சைட் அவருக்குப் பிறவித் திறமை மாதிரி கூடவே வருகிறது. மந்திரங்களைக் கலைக்கும் அவருடைய டிஸ்பெல் மேஜிக், அவர் லெவலைப் போல இரண்டு மடங்கு பலத்தோடு வேலைசெய்யும். டிஸ்பெல்லில் போடுகிறவரும் எதிரியும் சம லெவல் என்றால் பலிக்க 50 சதவீதம் வாய்ப்பு. லெவல் ஏற ஏற வாய்ப்பும் ஏறும். இரண்டு மடங்கு என்றால் எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம். அது விழுகிற வட்டத்துக்குள் நம் ஆட்கள் நின்றால் அவர்கள் மேலிருக்கும் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும். கெல்டார்ன் போட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். அதற்காகவே நான் ஆட்கள் தானாக ஓடிச் சண்டை போடும் ஏஐ பொத்தானை அணைத்துவிடுவேன். எதிரி கண்ணில் பட்டதும் கேம் தானாக நிற்கும் வசதியையும் போட்டுவைப்பேன்.

ஜஹீராவின் பூச்சிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். இன்செக்ட் பிளேக் விழுந்த மந்திரவாதி மந்திரம் சொல்ல முடியாமல் திணறுவான். பூச்சி கடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதையும் குறிவைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே அதற்கு முன்னாலும் ட்ரூ சைட்.

சண்டைக்கு முன் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புகளுக்கும் வரிசை உண்டு. நீண்ட நேரம் நிற்பவை முதலில், சீக்கிரம் தீர்ந்துபோகிறவை கடைசியில். ஸ்டோன்ஸ்கின் 12 மணி நேரம் நிற்கும். கேமில் ஒரு மணி என்பது நம் கடிகாரத்தில் ஐந்து நிமிடம், ஆக அது ஒரு முழு மணி நேரம். தூங்கி எழுந்ததும் போட்டுவிடலாம். ஆட்களை வேகப்படுத்தும் ஹேஸ்ட் சில ரவுண்டில் கரைந்துவிடும். அதைக் கதவைத் திறப்பதற்கு முந்தைய விநாடியில்தான் போட வேண்டும். அத்காட்லா தெருவில் நின்றுகொண்டு போட்டால், நகரத்தில் மந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கௌல்டு விஸார்ட்ஸ் வந்து மறிப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அரசு வட்டாரத்தில் 5,000 பொற்காசு கட்டி உரிமம் வாங்கிவிடுங்கள். ஆரம்பத்தில் அந்தக் காசு மலைப்பாக இருக்கும், ஆனால் போட்ட காசு வீண் போகாது.

இப்போது டிராகன். என் அக்கா மகள் கோவையில் படிக்கிறாள். டேப்லெட்டில் இதே கேமின் புதுப்பித்த பதிப்பான என்ஹான்ஸ்டு எடிஷன் விளையாடுகிறாள். ஃபர்க்ராக்கிடம் மாட்டிக்கொண்டு எனக்கு ஃபோன் செய்தாள்.

"மாமா, அது ஒரு தடவ இறக்கைய அடிச்சாலே எல்லாரும் பறந்துபோய் விழறாங்க."

"எல்லாரையும் ஒரே பக்கமா நிறுத்தினியா?"

"ஆமா. பக்கத்துல பக்கத்துல நின்னாத்தானே சேர்ந்து அடிக்க முடியும்?"

"அடிக்கிறவங்கள மூணு பக்கமா பிரிச்சு நிறுத்தும்மா. மந்திரக்காரங்க ரெண்டு பேரும் தூரத்துல, திரையோட ஓரத்துல நிக்கட்டும். அதோட மூச்சு ஒரே நேரத்துல எல்லார் மேலயும் படக்கூடாது."

யூடியூபில் யாரோ, பொறி வைக்கத் தெரிந்த யோஷிமோவை வைத்து டிராகனின் காலடியைச் சுற்றிப் பொறி பொறியாக வைத்துவிட்டு, ஒரே நொடியில் கொன்றதைப் பார்த்திருக்கிறாள். அதைச் செய்யலாமா என்று கேட்டாள். செய்யலாம், அதில் தப்பே இல்லை. நாமாகச் சண்டைக்கு இழுக்கும்வரை ஃபர்க்ராக் சும்மாதான் இருக்கும். பொறி வைக்கிறவன் திறமையும் திறமைதான். ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. அந்த டிராகன் ஜியர்டன் என்ற பிரபு வேடத்தில் வந்து நமக்கு வேலை கொடுக்கிறது. அரக்கர்களைக் கொல்கிறோம் என்று நம்பவைத்து, ரேடியன்ட் ஹார்ட் சபையின் மாவீரர்களை நம் கையாலேயே கொல்லவைக்கிறது. வேடம் கலைந்து தரையில் கிடப்பவர்களில் முதல் கேமில் நம்மோடு நடந்த அஜான்டிஸும் ஒருவன். கெல்டார்ன் அதே சபையைச் சேர்ந்தவர். தன் சகோதரர்களுக்காக அவர் நேருக்கு நேர் வாளெடுத்து நிற்பதை நான் பார்க்க வேண்டும்.

அவளுக்குச் சொன்ன வரிசை இது. டிராகன் சும்மா இருக்கும்போதே, அதன் கண் முன்னாலேயே, ரிமூவ் ஃபியர் போட்டுவிட வேண்டும். அருகில் போனாலே பயந்து ஓடும் தொல்லை அதோடு தீரும். முன்னால் நிற்கிறவர்களுக்குப் புரொடெக்ஷன் ஃப்ரம் ஃபயர், அது 80 சதவீத நெருப்பைத் தடுக்கும். பிறகு ஹேஸ்ட். சண்டை தொடங்கிய முதல் ரவுண்டில் நாலியாவும் ஏய்ரியும் லோயர் ரெசிஸ்டன்ஸ் போட வேண்டும். டிராகனுக்கு மந்திர எதிர்ப்பு பலம் அதிகம். இந்த மந்திரம் அதில் 10 சதவீதத்தையும், போடுகிறவரின் ஒவ்வொரு லெவலுக்கும் இன்னொரு சதவீதத்தையும் குறைக்கும். 12-ஆவது லெவல் என்றால் ஒரே தடவையில் 22 சதவீதம் போச்சு. அடுத்த ரவுண்டில் நாலியா கிரேட்டர் மாலிசன். அது எதிரியின் சேவிங் த்ரோவில், அதாவது மந்திரத்திலிருந்து தப்பிக்கும் வாய்ப்பில், நான்கைக் குறைக்கும். ஏய்ரி டூம் போட்டால் இன்னும் இரண்டு குறையும். மூன்றாவது ரவுண்டில்தான் புத்தியை மழுங்கவைக்கும் ஃபீபிள்மைண்ட் போன்ற பெரிய அடி.

பெரிய மந்திரத்தை முதலிலேயே போட்டால் எதிர்ப்பு அதை விழுங்கிவிடும். மாலிசனை முதலில் போட்டாலும் அதே கதைதான். லோயர் ரெசிஸ்டன்ஸ் முதலில் விழுந்தால்தான் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் உயிர் வரும். மூன்று வீரர்களும் நடுவில் ஒரு விநாடி நிறுத்தாமல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜஹீரா வெட்டக்கூடாது, யார் உயிர் குறைகிறதோ அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அன்றிரவே அவளிடமிருந்து விழுந்துகிடக்கும் டிராகன் படம் வாட்ஸப்பில் வந்தது. அவளுடைய மின்ஸ்க் செத்துப்போயிருந்தான், ஆனால் அவனைக் கோயிலில் எழுப்பிக்கொள்ளலாம்.

காங்கேக்ஸ் என்ற லிச் வேறு மாதிரி. துறைமுகப் பகுதியில் இருக்கும் தன் கல்லறையில் முதலில் லிச்சாக எழுவான். அவனை வீழ்த்தினால் வெறும் மண்டையோடாக, டெமிலிச்சாக மிதப்பான். லிச்சுகளுக்கு 1 முதல் 5 வரையிலான நிலை மந்திரங்கள் பலிக்காது, ஆகவே நாம் நம்பிக்கொண்டிருக்கும் பிரீச் அங்கே செல்லாது. டெமிலிச்சாக மாறியதும், ஆளை மண்ணுக்குள் புதைக்கும் இம்ப்ரிஸன்மென்ட் போடத் தொடங்குவான். அதற்கு சேவிங் த்ரோ கிடையாது. மண்ணுக்குள் புதைந்தவரை ஃப்ரீடம் மந்திரம் இல்லாமல் மீட்க முடியாது. புதைந்தது நாயகன் என்றால் ஆட்டமே முடிந்தது.

இங்கே ஆறு பேர் வேண்டாம். ஐந்து பேரையும் கட்டடத்துக்கு வெளியே விட்டுவிட்டு, பெர்செர்க்கர் ஒருவனே மோத வேண்டும். வெறி ஏறியிருக்கும்போது அவனுக்கு இம்ப்ரிஸன்மென்ட் பலிக்காது. ஆனால் அந்த வெறி 60 விநாடிதான். லிச் வடிவத்தோடு மோதும்போதே அதைச் செலவழித்துவிட்டால் மண்டையோடு முன்னால் வெறுங்கையோடு நிற்பான். லிச் விழும் தறுவாயில்தான் வெறியைத் தொட வேண்டும். கையில் +4 ஆயுதமாவது வேண்டும், அதற்குக் குறைந்தது அவன் மேல் படாது. வெறி கொடுக்கிற கூடுதல் உயிர்ப்புள்ளிகள் அது தணியும்போது திரும்பப் போய்விடும் என்பதால், ஜெயித்த கையோடு ஒரு மருந்தைக் குடித்துவிடுவது நல்லது. புரொடெக்ஷன் ஃப்ரம் அன்டெட் சுருளைப் படித்துக்கொண்டால் அவன் நம்மைப் பார்க்கவே மாட்டான் என்ற வழியும் இருக்கிறது. பெர்செர்க்கர் இல்லாதவர்களுக்கு அது போதும்.

மூளையை உறிஞ்சும் மைண்ட் ஃப்ளேயர் என்ற எதிரியைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. அதன் ஒவ்வொரு அடியும் 5 புத்திப் புள்ளியை உறிஞ்சும். பூஜ்யமானால் மரணம். மின்ஸ்கின் புத்தி 8. இரண்டாவது அடியில் அவன் போய்விடுவான், அவன் உயிர்ப்புள்ளி நூறாக இருந்தாலும் சரி. எப்போதும் முன்னால் நிற்கிற மின்ஸ்க் இந்த ஒரு சண்டையில் வில்லோடு பின்னால் நிற்க வேண்டும். ஏய்ரி எழுப்பும் எலும்புக்கூடுகள் முன்னால் போகட்டும்.

ஃபர்க்ராக்கைக் கொன்றவர்களுக்குக் கார்சோமிர் என்ற வாள் கிடைக்கும். பாலடின் என்ற புனித வீரர்களுக்கான, கெல்டார்ன் ஏந்தக்கூடிய +5 வாள். 50 சதவீத மந்திர எதிர்ப்பு தரும். ஒவ்வொரு வெட்டிலும் எதிராளியின் மந்திரங்களைக் கலைக்கும். கெல்டார்ன் கையில் அது வந்ததும் இனி வரிசை எதற்கு என்று தோன்றும். ஆனால் புரொடெக்ஷன் ஃப்ரம் மேஜிக்கல் வெப்பன்ஸ் போட்டுக்கொண்ட மந்திரவாதி மேல் அந்த மகத்தான வாள் நான்கு ரவுண்டுக்குப் படவே படாது. பிரீச் தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது? கடையில் சில்லறைக் காசுக்கு விற்கும் சாதாரண இருகை வாள் ஒன்றைக் கெல்டார்னின் இரண்டாவது ஆயுத இடத்தில் போட்டுவையுங்கள். மந்திரமே இல்லாத அந்த இரும்பை அந்தக் கவசம் தடுக்காது. லிச்சிடம் மட்டும் அதைக் காட்ட வேண்டாம், அதற்கு மந்திர ஆயுதம்தான் வேண்டும்.