வோல்டேஜ் இறங்கினால் பாடும் ஆம்ப்

18 மே 2025, ஞாயிறு

சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கும் அடுத்த கச்சேரி 24ஆம் தேதிதான், சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வேலையை இன்றைக்கு எடுத்தேன்: பல ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), எஃபெக்டுகளின் சத்தத்தை நகல் எடுத்துத் தரும் என் கிடார் பெட்டியை, லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்பை, அப்டேட் செய்வது. 2021இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியபோது அதில் 3.0 சாஃப்ட்வேர் இருந்தது. கச்சேரிக்கென்று செதுக்கி வைத்த டோன் எல்லாம் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் இத்தனை நாள் கை வைக்கவில்லை.

முதலில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் பேக்கப் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அப்டேட். பாதியில் கரண்ட் போய்விட்டது. நல்லவேளை, இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருந்தேன். அந்த ஒரு நிமிஷம் உள்ளங்கை வேர்த்தது. செய்யப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: பேக்கப், இன்வெர்ட்டர். மற்றதை அதுவே பார்த்துக்கொள்கிறது. பழைய டோன்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன.

19 மே, திங்கள்

நாலு வருஷத்து ஆம்ப்பும் எஃபெக்டும் மொத்தமாக வந்து இறங்கியிருக்கின்றன. அசல் கம்பெனிப் பெயரை இதில் போடமாட்டார்கள், ஜாடையாகத்தான் இருக்கும். வாக்ஸ் ஏசி30க்கு ‘எசெக்ஸ் ஏ30’. ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120க்கு ‘ஜாஸ் ரிவெட் 120’. போக்னர் செய்த ‘ஷிவா’ என்ற ஆம்ப்புக்கு ‘ஜெர்மன் மகாதேவா’. சொக்கநாதர் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் ஒரு சந்தோஷம். முதலில் அதைத்தான் எடுத்து வாசித்தேன். கனமான, வழவழப்பான டிஸ்டார்ஷன். எங்கள் பாட்டுகளில் அதற்கு இடம் குறைவு.

புதிதாக வந்ததில் மனசுக்கு ஒட்டியது ‘யூஎஸ் பிரின்சஸ்’. ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப்பின் மாடல். அசல் ஏறக்குறைய 12 வாட்ஸ்தான், ஒரே ஒரு 10 அங்குல ஸ்பீக்கர். வால்யூமைப் பாதிக்குக் கொண்டுபோனால், விரலால் தடவும்போது தெளிவாக இருக்கிறது. பிக்கால் அழுத்தி அடித்தால் ஓரத்தில் மெல்லப் பிசிறுகிறது. கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் பிசிறு போய்விடுகிறது. காலால் ஒரு சுவிட்சும் அமுக்க வேண்டியதில்லை. மாடலிங்கில் நான் தேடுவது இந்தக் கைக்கட்டுப்பாட்டைத்தான்.

21 மே, புதன்

மூன்று நாளாக மனசில் உறுத்துவதை எழுதிவிடுகிறேன்.

இந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஆம்ப்புகளில் ஒன்றைக்கூட நான் நேரில் கேட்டதில்லை. ஏசி30 முன்னால் நின்றதில்லை. பழைய மார்ஷலைத் தொட்டதில்லை. அசல் மாதிரியே இருக்கிறதா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அசலை அறியாமல் நகலுக்கு எப்படி மார்க் போடுவது?

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட வால்வு ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாயில் ஓடுவது) ஒன்றே ஒன்று. எனக்குக் கிடார் கற்றுக்கொடுத்த மாஸ்டருடையது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் அவருக்குக் கட்டிக் கொடுத்தது. தகரச் சட்டம், பச்சைப் பெயிண்ட். பின்னால் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த இஎல்84 வால்வு இரண்டு, ஏசி கரண்டை டிசியாக மாற்ற இன்னொரு வால்வு (ரெக்டிஃபையர்). பின்பக்கம் திறந்த பலகைப் பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர். எனக்குப் பன்னிரண்டு வயசில் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போவதுதான் என் வேலை. சூடேறியதும் அதிலிருந்து வருகிற தூசி வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. சத்தம் முதலில் சற்று உள்ளே போய், பிறகு மலர்ந்து வெளியே வரும். தவிலுக்கும் எக்காளத்துக்கும் பழகின கிராமத்துக் கூட்டம் அந்தக் கிடாருக்குப் பேச்சை நிறுத்திக் கேட்கும்.

பல வருஷத்துக்கு முன்னால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. சுற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. பரணில் கிடக்கிறது.

சரி, எனக்குத் தெரிந்த அசல் அதுதானே? அதை வைத்தே அளக்கிறேன்.

22 மே, வியாழன்

வால்விலிருந்து தொடங்கினேன். இரண்டு இஎல்84 என்றால் கிட்டத்தட்ட வாக்ஸ் ஏசி15 குடும்பம். அதிலும் இரண்டு இஎல்84, வால்வு ரெக்டிஃபையர். ஏசி30 என்பது அதே வால்வு நான்கு. 1950களில் மல்லார்டு கம்பெனி தன் வால்வுகளை விற்பதற்காக இரண்டு இஎல்84 போட்ட 10 வாட்ஸ் ஆம்ப்புக்கு வரைபடத்தை அச்சிட்டுக் கொடுத்தது. உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அதைப் பார்த்துக் கட்டினார்கள். டவுன்ஹால் ரோட்டு மெக்கானிக் எதைப் பார்த்துக் கட்டினாரோ தெரியாது, ஆனால் அந்த வால்வின் பழக்கம் லண்டனிலும் மதுரையிலும் ஒன்றுதான்.

இதில் ஏசி15இன் பெயர் ‘எசெக்ஸ் ஏ15’. என் பெட்டியில் முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது, நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதுசு தேடப் போய்ப் பழசைக் கண்டுபிடித்தேன்.

மேல் ஸ்தாயியில் அந்தக் கண்ணாடி மினுக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் மலர்ச்சி இல்லை. அடித்தவுடன் நிற்கிறது.

23 மே, வெள்ளி

கிடைத்துவிட்டது. ராத்திரி மணி ஒன்று, உடனே எழுதுகிறேன்.

ஆம்ப்பின் முதல் பக்கத்தில் பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாம் இருக்கும். அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினால் சாக், ஹம், ரிப்பிள், பயாஸ் என்று சில குமிழ்கள். இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தை நான் புரட்டியதில்லை. சாக் என்பது தொய்வு. கம்பியை அழுத்தி அடிக்கும்போது பவர் வால்வுகள் நிறைய கரண்டை இழுக்கும். வால்வு ரெக்டிஃபையரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. உள்ளே வோல்டேஜ் ஒரு நொடிப்பொழுது இறங்கும். அதனால் ஸ்வரத்தின் தலை அமுங்கி, வோல்டேஜ் ஏற ஏற உடம்பு எழும்பி வரும். ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் டயோடு போட்ட ஆம்ப் இப்படித் தொய்யாது, விறைப்பாக நிற்கும்.

சாக்கை 5இலிருந்து 8க்குத் தள்ளி, ஆறாவது கம்பியைத் திறந்து ஒரு அடி அடித்தேன். சத்தம் குனிந்து நிமிர்ந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் கிராமத்துத் திருவிழாவில் லைனின் கடைசிக் கம்பத்தில்தான் எங்களுக்கு இணைப்புக் கிடைக்கும். சீரியல் செட், ட்யூப்லைட், ரேடியோ செட்டுக் குழாய் எல்லாம் அதே லைனில். 230 வர வேண்டிய இடத்தில் 180 வரும், ட்யூப்லைட் கண் சிமிட்டும். கீபோர்டு அண்ணன் ஸ்டெபிலைசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் மட்டும் தன் ஆம்ப்பை ஸ்டெபிலைசரில் மாட்ட விடமாட்டார். “வோல்டேஜ் இறங்கினாத்தான்டா இது பாடும்” என்பார். ராக் கிடார் கலைஞர் எடி வான் ஹேலனும் வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) வைத்துத் தன் மார்ஷல் ஆம்ப்புக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்தார் என்று பின்னாளில் படித்தேன். மாஸ்டருக்கு வேரியாக் தேவைப்படவில்லை. கடைசிக் கம்பம் இருந்தது.

25 மே, ஞாயிறு

நேற்றைய கச்சேரி பற்றி. சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஹெட்ஃபோனில் தேன் மாதிரி இருந்த டோன், மேடையில் அடியில் கும்கும் என்று கொழகொழத்தது, மேலே காதைக் கீறியது. நடுவில் ஒன்றுமே இல்லை. பாட்டின் இரண்டாவது இடையிசையில் கிடார் பிட் வரும்போது கீபோர்டும் ரிதம் பேடும் அதை மூடிவிட்டன. மைக்செட் அண்ணன் மிக்ஸரிலிருந்து கையை விரித்துக் காட்டினார்.

காரணம் தெரிந்ததுதான். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிப்பக்கமும் மேல்பக்கமும் மந்தமாகக் கேட்கும். அதை ஈடுகட்ட நாம் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுவோம். சத்தம் பெரிதானதும் அந்த இரண்டும் எழுந்து நிற்கும். ஃபிளெட்ச்சர், மன்சன் இருவரும் 1933இலேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். தெரிந்திருந்தும் அவசரத்தில் ஹெட்ஃபோன் டோனையே மேடைக்குக் கொண்டுபோனேன். இனி எந்தப் புது மாடலும் ஒருமுறை ஒத்திகை அறையில் மேடைச் சத்தத்தில் ஒலிக்காமல் வண்டியில் ஏறாது.

28 மே, புதன்

இன்றோடு கத்திரி முடிகிறதாம். காளவாசல் ஒத்திகை அறையில் ஃபேன் காற்றே சுடுகிறது. மதியம் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் கொடுத்து மூன்று மணி நேரம் வேலை செய்தேன். ரிதம் பேட் தம்பியையும் கூட வாசிக்கச் சொன்னேன். தனியாகக் கேட்டால் எல்லா டோனும் அழகுதான்.

அதிக நேரம் போனது ஸ்பீக்கரில். 2022இல் வந்த 3.50இலிருந்து இதில் மைக்கை நாமே நகர்த்தலாம்: ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரம் வரை, முன்னும் பின்னும், நேராகவோ சாய்த்தோ. எனக்கு இதுதான் எல்லா ஆம்ப்பையும் விடப் பெரிய வரவு. நடுவில் ‘57’ என்ற மாடல் மைக்கை வைத்தால் ஊசி மாதிரி குத்துகிறது. அங்கிருந்து ஓரத்துக்கு விரல்கடை விரல்கடையாக நகர்த்தினால் ஒரு இடத்தில் ஊசி மழுங்கி, சத்தத்துக்குச் சதை பிடிக்கிறது. ட்ரெபிளைக் குறைப்பதும் இதுவும் ஒன்றல்ல. ட்ரெபிளைக் குறைத்தால் போர்வை போர்த்திய மாதிரி ஆகும். மைக்கை நகர்த்தினால் ஆளே இடம் மாறி உட்கார்ந்த மாதிரி.

கடைசியில் ‘ப்ளூ பெல்’ 12 அங்குல ஸ்பீக்கர், ‘121 ரிப்பன்’ என்ற மாடல் மைக், நான்கு அங்குலம் தள்ளி. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,500க்கு மேலேயும் வெட்டினேன். பேஸைக் குறைத்து மிட்டை ஏற்றினேன். எக்கோவுக்கு ‘காஸ்மோஸ் எக்கோ’, ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோவின் மாடல். டேப் லேசாக இழுபடுகிற அந்த அசைவு நாம் கேட்டு வளர்ந்த கேசட்டின் அசைவு. திரும்பி வருகிற சத்தம் கிடாரை விட்டு ஒரு அடி பின்னால் நிற்கிறது, பாடகருக்கு இடம் விடுகிறது.

பிரின்சஸை இரண்டாவது டோனாக வைத்துக்கொண்டேன். மகாதேவாவை விட்டுவிட்டேன்.

30 மே, வெள்ளி

சாயங்காலம் பெட்டியையும் சின்ன ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு செல்லூருக்குப் போனேன். மாஸ்டர் தெருவில் இப்போதும் ஓரிரு வீட்டில் தறிச் சத்தம் கேட்கிறது. அவர் கிடார் வாசித்து மூன்று நாலு வருஷம் இருக்கும். விரல் கணுக்கள் வீங்கி மடங்க மறுக்கின்றன. முன்கூட்டி எதையும் சொல்லவில்லை. “ஒரு ஆம்ப் கேளுங்க மாஸ்டர்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் கற்றுக்கொடுத்த பிட் ஒன்றை வாசித்தேன். முதல் சுற்றில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் என் கையைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

“இஎல்84ஆ?”

“மாடல்தான் மாஸ்டர். வால்வு கிடையாது.”

“சும்மா இருடா. குனியுது பாரு.” கையைத் தாழ்த்தி மெல்ல உயர்த்திக் காட்டினார். அப்புறம் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். “வாசிக்காம சும்மா விடு.”

விட்டேன். அறை அமைதியானது. தூரத்தில் தறி மட்டும்.

“இதுதான் இடிக்குது. நம்ம ஆம்ப் சும்மா இருந்தாலும் உறுமும். நீ நிறுத்தினதும் செத்துப்போகுது.”

மேடையில் ஹம் வராமல் இருக்க வாழ்நாள் முழுக்க எர்த் கம்பி தேடி அலைந்தவன் நான். அந்த ஹம் குமிழைப் பெரியவர் சொல்லித்தான் திருப்பினேன். 4, 5, 6. ஆறில் கையை உயர்த்தினார். அதற்குமேல் ரிப்பிளையும் ஒரு துளி. அடுத்து அடித்த ஸ்வரம் அந்த உறுமலிலிருந்து முளைத்து வந்தது.

கிடாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இடது கை மடங்கவில்லை. வலது கையால் வெறும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார், ஆறு கம்பியையும், ஒவ்வொன்றும் அடங்கும்வரை காத்திருந்து. ரொம்ப நேரம்.

கிளம்பும்போது, “ஞாயித்துக்கெழமை எந்த ஊரு?” என்றார். வாடிப்பட்டிப் பக்கம் என்றேன்.

2 ஜூன், திங்கள்

மாஸ்டரை மிக்ஸர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மைக்செட் அண்ணனுக்கு அவரை முன்பே தெரியும். இருவரும் கச்சேரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜெனரேட்டர் ஒழுங்காக 230 கொடுத்தது, பெட்டிக்குள் மட்டும் வோல்டேஜ் இறங்கியது. மூன்றாவது பாட்டில் இடையிசை பிட் வந்தபோது ரிதம் பேடுக்கு மேல் கிடார் தனியாகத் தெரிந்தது. முடித்துவிட்டு மிக்ஸர் பக்கம் பார்த்தேன். மாஸ்டர் கையைத் தாழ்த்தி உயர்த்திக் காட்டினார்.

வீடு வந்து சேர இரண்டரை மணி. இன்றைக்கு லோ கட்டை மட்டும் 100இலிருந்து 110க்கு ஏற்றியிருக்கிறேன். திறந்தவெளியில் அடி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஹம் ஆறிலேயே இருக்கிறது.